கடைசி ஓட்டு

எங்கள் அண்ணிக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது சாயப்பட்டறைப் பெண்கள்தான். ஓரிடத்தில் உட்கார்ந்தால் உடம்பு அரிக்கிற ரகம். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் எழுந்து போய், பதிலை வாசலிலிருந்து சொல்வாள்.

ராணுவ ஆட்சி ஒழிந்து முதல் தேர்தல் வந்தது. பெண்களுக்கும் ஓட்டு என்றதிலிருந்து அண்ணிக்குத் தூக்கம் போயிற்று. ஓட்டுப் போட்டவர் விரலில் நீல மை வைப்பார்களாம். கையில் ஒட்டிய சாய நீலத்தைப் பார்த்து, ஏற்கெனவே போட்டவள் என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்று, பட்டறைப் பெண்கள் எல்லோரும் முன்கூட்டியே மஞ்சள் சாயத் தொட்டிக்கு மாறிக்கொண்டோம். அண்ணியும்தான். ஆனால் தேர்தல் நாள் காலையில் சாவடி திறக்கும்வரை இருப்புக்கொள்ளாமல் பட்டறைக்குப் போயிருக்கிறாள். நீலத் தொட்டியில் நூல் சிக்கிக் கிடந்திருக்கிறது. கை சும்மா இருக்குமா?

முழங்கைவரை நீலத்தோடு வரிசையில் வந்து நின்றவளைப் பார்த்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பயந்தது நடந்தது. மை வைத்தாலும் தெரியாது, இன்னொருத்தி பேரில் மறுபடி வருவாள் என்று கட்சி ஏஜெண்டு வழிமறித்தான். அதிகாரி நல்லவர்தான், வம்பென்றால் ஒதுங்குகிற நல்லவர். சாவடி மூடும்போது கடைசி ஆளாகப் போடட்டும், அதுவரை தன் கண்ணெதிரே உட்காரட்டும், வெளியே போனால் ஓட்டு கிடையாது என்றார்.

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் ஆடிக்கொண்டே இருந்தது. முந்தானையை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள். என் ஓட்டைப் போட்டுவிட்ட நான் வீட்டுக்குப் போகாமல் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவள் அசையும்போதெல்லாம் எழுந்துவிடுவாளோ என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் அண்ணன் வந்தான். பசி வந்தால் அவனுக்கு உலகமே பகை. ஜன்னல் வழியாகவே கேட்டான்: "ஒரு ஓட்டு போடலைன்னா குடி முழுகிடுமா? எழுந்து வா."

"முழுகாதுங்க. ஆனா நான் இப்ப எழுந்து வந்தா, அடுத்த தடவை பட்டறைப் பொண்ணுங்க எல்லாரையும் கையைக் காட்டியே விரட்டிடுவாங்க. சாப்பாடு அடுப்புமேல இருக்கு, போட்டுச் சாப்பிடுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். போட்டுச் சாப்பிட அவனுக்கும் கை இருக்கிறது.

சாயங்காலம் கதவைச் சாத்தச் சொன்னார்கள். அண்ணி எழுந்தாள், கால் மரத்துப்போய்த் தள்ளாடினாள். அதிகாரி மைப் புட்டியை மூடிவிட்டு ஓட்டுச் சீட்டை நீட்டினார். உங்களுக்கு வைத்து என்னம்மா ஆகப்போகிறது, தெரியவா போகிறது என்றார்.

அண்ணி சீட்டை வாங்கவில்லை. விரலை நீட்டினாள்.

"தெரியாட்டி போகுது சார். எல்லாருக்கும் வச்சீங்கல்ல, எனக்கும் வைங்க."

அவர் புட்டியைத் திறந்து வைத்தார். நீலத்தின் மேல் நீலம், ஒன்றும் தெரியவில்லை. சீட்டோடு மறைப்புக்குள் போனாள். அங்கே மட்டும் அவள் அவசரப்படவே இல்லை.