சனிக்கிழமை இரண்டு மணிக்கு லின் நிற்கும் நடைபாதை

இந்தப் பதிவில் ஒரு படமும் இல்லை. என் முகத்தைப் பதினாறு கோணத்தில் போடாமல் நான் எந்தப் பயணத்தையும் முடித்ததில்லை என்பது என்னை வாசிக்கும் பதினொரு பேருக்கும் தெரியும். காரணம் கீழே வரும். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை நானும் மனைவி சாந்தியும் தென் லண்டனின் மிச்சம் பகுதியிலிருந்து மத்திய லண்டனுக்குப் போனோம். சாந்திக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அங்கே அவளோடு உருளைக்கிழங்கு உரிக்கிற சீனப் பெண்தான் லின். இரண்டு வருடமாக அவரைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் ஓடிய வதந்திகளில் பாதி நான் கிளப்பியவை. ஒரு கிழமை முழுக்க அவரை உளவாளியாகவும் வைத்திருந்தேன். உண்மையில் அவர் வழக்கறிஞர். வீடு பறிபோனவர்களுக்காக வாதாடி, உரிமத்தை இழந்து, சிறையிருந்து, நாட்டை விட்டு வந்தவர். வாரத்தில் ஐந்து நாள் கிழங்கு. சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை சீனத் தூதரகத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று, அந்த நாட்டில் சிறையில் இருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார். சாந்திக்கு இது தெரிந்தது போன மாதம்தான். உடனே, போகத்தான் வேண்டும் என்றாள்.

12.35 ட்ராம், விம்பிள்டன் வரை 1.75 பவுண். அங்கிருந்து ரயிலில் வாக்ஸ்ஹால், பிறகு விக்டோரியா லைனில் ஒக்ஸ்போர்ட் சேர்க்கஸ், வடக்கே பன்னிரண்டு நிமிட நடை. போக வர ஆளுக்குப் பத்துப் பவுணுக்குள் முடிந்தது. சாந்தியின் மடியில் வீட்டில் பொரித்த நாற்பது மட்டன் பற்றிஸ். போராட்டமென்றாலும் செத்த வீடென்றாலும் நாங்கள் வெறுங்கையோடு போகிற ஆட்களில்லை.

இருபது பேர் நின்றார்கள். பாதிப் பேர் முகக்கவசமும் தொப்பியும். தடிமன் காய்ச்சலுக்குப் பயந்த கூட்டம் என்று முடிவு கட்டினேன். லின் மட்டும் முகத்தை மூடாமல் பெயர் வாசித்தார். பக்கத்தில் என் வயதுப் பொறியியலாளர் ஒருவர், வூ என்போம். பற்றிஸை இரண்டு தரம் வேண்டாம் என்றார். மூன்றாம் தரமும் பற்றிஸை நீட்டினேன். பாவம், கவசத்தை இறக்கிக் கடித்தார். அந்த நேரம் பார்த்து நான் அவரும் தெரிய ஒரு செல்பி எடுத்து, "போராட்டக் களத்தில் நான்" என்று குடும்ப வாட்ஸப்பில் போட்டேன்.

லின் பாதிப் பெயரில் நிறுத்தினார்.

"யாருக்கு அனுப்பினீர்கள்?"

"குடும்பத்துக்கு மட்டும்."

"குடும்பத்தில் எத்தனை பேர்?"

"அறுபத்து மூன்று."

வூ நடைபாதை ஓரத்தில் குந்திவிட்டார். சீனாவில் அவருடைய அம்மா தனியே இருக்கிறார். மகனின் முகம் இங்கே தெரிந்தால் அங்கே பொலிஸார் அந்த அம்மாவின் கதவைத் தட்டுவார்கள். இதை எனக்கு விளக்க வேண்டியிருந்தது. எனக்கு! அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் மூக்குவரை மப்ளர் சுற்றிக்கொண்டு கோஷம் போட்ட எனக்கு! பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு மறதியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் போலும்.

லின் ஏசவில்லை. கொப்பியைத் திறந்து, படத்தை யார் யார் திறந்தார்கள் என்று கேட்டு எழுதினார். ஒன்பது பேர். குழுவில் எல்லாருக்கும் மறையும்படி படத்தை அழிக்கச் செய்துவிட்டு, ஒன்பது பேருக்கும் போன் பண்ணவைத்து, ஒவ்வொரு பெயராகக் கோடிழுத்தார். கடைசிப் பெயர் சாந்தியின் தம்பி ரமணன், ரொறொன்ரோ. அவன் அதற்குள் பேஸ்புக்கில் ஏற்றிவிட்டான்.

"நாப்பது லைக் வந்திட்டுது அத்தான்! எடுக்கச் சொல்லுறியளே?"

"எடு ரமணன். ஒரு தாயின்ர விசயம்."

"சும்மா பயப்பிடாதேங்கோ, ஆர் பாக்கப் போயினம்?"

சாந்தி போனைப் பறித்தாள். "டேய், லண்டனில நிக்கேக்க கண்மட்டும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஊர்வலத்தில நிண்டனியே, ஆருக்குப் பயந்தனி? அம்மா ஊரில எண்டுதானே? இப்ப எடு!"

"எடுத்திட்டன் அக்கா."

படம் இருபத்திரண்டு நிமிடம் வெளியில் இருந்திருக்கிறது. அதற்கு லின்னின் கொப்பியிலும் மருந்தில்லை.

3.40க்கு வூ, ஒவ்வொரு சனியும் எடுப்பதுபோல அம்மாவுக்குப் போன் எடுத்தார். அங்கே இரவு, படுக்கப் போகிற நேரம். மணி அடித்தது, அடித்தது, பிறகு ஒரு கிழவியின் குரல். விடாமல் பேசியது. லின் காதைச் சாய்த்து எங்களுக்குச் சொன்னார்: லிப்ட் பழுது, ஐந்து மாடி ஏறினாராம், முழங்கால் நோகிறதாம், மேல்வீட்டுக்காரி குப்பையைப் படியில் வைக்கிறாளாம். யாரும் வரவில்லை. சாந்தி கண்ணைத் துடைத்தாள். நான் கடவுளுக்கும் அந்தப் பழுதான லிப்டுக்கும் நன்றி சொன்னேன்.

லின் தன் அம்மாவோடு பேசி ஆறு வருடம். கேட்கிறவர்களிடம், தன்னைத் தலைமுழுகிவிட்டதாகச் சொல்லுங்கள் என்று வீட்டாருக்கு அவரே சொல்லிக்கொடுத்தாராம். வேறொருவரின் அம்மா குறை சொல்வதைக் கடைசிவரை நின்று கேட்டார். "நன்றாகக் குறை சொல்கிறார்," என்றார் சிரித்து. பிறகு நிறுத்திய பாதிப் பெயரை முதலிலிருந்து முழுதாக வாசித்தார்.

வூ கைகொடுத்தார். லின், வரும் சனிக்கிழமை அந்த அம்மா மறுபடி போன் எடுத்தால்தான் நிம்மதி என்று சொல்லி, எனக்கொரு வேலையும் தந்தார்.

போக நினைக்கிறவர்களுக்கு: 1.45க்கே வந்துவிடுங்கள், குடை கொண்டுவாருங்கள், கழிவறை ரயில் நிலையப் பக்கம்தான். நடைபாதை முனையில் ஒரு தொந்தியுள்ள மனிதன் வழிமறித்து, போனைப் பைக்குள் வைத்தால்தான் விடுவேன் என்பான். கோபிக்காதீர்கள். நான்தான்.