அக்கரையில் நின்றுபோன அத்தை

புது வருஷம் பிறந்ததிலிருந்து என் மேசைப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது.

கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றுக்குத் தொடர்கதை. பொங்கலுக்கு நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட வேண்டிய நாடகம். உங்களுக்காக இந்தப் பத்தி. இவை போதாதென்று, ஜனவரி முதல் தேதி காலையில் வீட்டில் சத்தமாக அறிவித்தேன் — "இந்த வருஷம் நம்ம குடும்ப வரலாற எழுதி முடிக்கப் போறேன்."

மனைவி தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். "மொதல்ல நாடகத்த முடிங்க. புள்ளைங்க வசனம் இல்லாம நிக்குதுங்க."

நியாயம்தான். உட்கார்ந்தேன். நாடகத்தில் அரைப் பக்கம் நகர்ந்தது. மனம் தொடர்கதைக்குத் தாவியது. அங்கே கதாநாயகி ரயில் நிலையத்தில் அழுதுகொண்டு நிற்கிறாள். எதற்கு அழுகிறாள்? எழுதிய எனக்கே மறந்துவிட்டது. மூடி வைத்தேன். கைவசம் ஏகப்பட்ட வேலை இருக்கும்போது, யாருமே கேட்காத வேலை மட்டும் இனிக்கிறதே... உங்களுக்கும் அப்படித்தானா?

எனக்கு அவசரம் இல்லாமலும் இல்லை. யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று எங்களைக் கேட்காமலே இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் பேசி முடித்ததிலிருந்து தேயிலைத் தோட்டங்களில் வேறு பேச்சே கிடையாது. குடும்பக் கதை தெரிந்தவர்கள் கப்பலேறிவிட்டால் பிறகு யாரைப் போய்க் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஹட்டனில் பஸ் ஏறினேன். அக்கரப்பத்தனையில் என் பெரியப்பா மகள் காமாட்சி அக்கா இருக்கிறாள். கொழுந்து பறிக்கிறாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். தாத்தா கடைசிவரை அவர்கள் வீட்டில்தான் இருந்தார்.

தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் அக்காவின் புருஷன் சின்னையா மச்சான் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மாப்பிள" என்றார். அதோடு சரி. உள்ளே அக்கா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவளும் சரியாகப் பேசவில்லை. நான் வருவதற்குச் சற்று முன்தான் சண்டை நடந்திருக்கிறது என்பது புரிந்தது.

தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "அக்கா, தாத்தா அந்தக் காலத்துல எப்படி இங்க வந்தாரு?"

அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "எதுக்கு கேக்குற?"

"எழுதப் போறேன்."

"எழுது, எழுது. ஒங்க மச்சானும் எழுதிக் குடுக்கப் போறாராம், இந்தியாவுக்குப் போறேன்னு!"

வெளியிலிருந்து மச்சான் குரல் கொடுத்தார். "இங்க இருந்து என்னத்தக் கண்டோம்? ஓட்டும் இல்ல, ஊரும் இல்ல. அங்க போனா நம்ம நாடு."

"அப்ப ராசாத்தி?"

ராசாத்தி அவர்களுடைய ஒரே மகள். வலப்பனைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மருமகனுக்கு இங்கே பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. அவன் வரமாட்டான். அவளும் வரமுடியாது.

"மொதல்ல நாம போவோம். அப்புறமா வந்து பாத்துக்கிட்டா போச்சு" என்றார் மச்சான்.

அக்கா அடுப்பை விட்டு எழுந்துவிட்டாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் சொன்னதெல்லாம் வாசலுக்கு.

"தாத்தாவும் இதத்தான் சொன்னாரு தம்பி. ஒனக்கு ஒரு அத்த இருந்தாங்க, தெரியுமா? நம்ம அப்பாமாருக்கெல்லாம் மூத்தவங்க."

எனக்குத் தெரியாது. என் அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை.

"கப்பலுக்கு முந்தி ஆளுங்கள வச்சிப் பாக்குற மண்டபம் கேம்புல அந்தப் புள்ளைக்கு காச்சல். ஏத்த முடியாதுன்னுட்டாங்க. ஆள் சேத்துக் கூட்டிட்டு வந்த கங்காணி நிக்க மாட்டேங்குறாரு. வழியனுப்ப வந்த தாய்மாமன் கையில புள்ளயக் குடுத்துட்டு, அடுத்த வருஷம் வந்து கூட்டிக்கிறேன்னு தாத்தா கப்பல் ஏறுனாரு. அந்த அடுத்த வருஷம் வரவே இல்ல. கடன் விடல, தோட்டம் விடல. அப்புறம் மாமன் எங்க போனாருன்னு தகவலும் இல்ல. சாகுற வரைக்கும், ஊருக்குப் போயிட்டு வந்த ஆள யாரப் பாத்தாலும் தாத்தா விசாரிப்பாரு."

வாசலில் கோடரிச் சத்தம் நின்றிருந்தது.

"அத்த பேரு என்னக்கா?"

அக்கா யோசித்தாள். "பாப்பான்னுதான் சொல்லுவாரு. பேரு சொன்னதே இல்ல." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கரையில ஒண்ண விட்டுட்டு வந்தோம். இந்தக் கரையில இன்னொண்ண விட்டுட்டு நான் போகமாட்டேன். அவரு போறதுன்னா போகட்டும்."

மச்சான் கோடரியைச் சுவரில் சாத்திவிட்டு எழுந்தார். பஸ் வரை கூட வந்தார். வழியெல்லாம் பனிக்கு வாடிய கொழுந்தைப் பற்றியே பேசினார்.

வீட்டுக்கு வந்து தொடர்கதையை எடுத்தேன். கதாநாயகியின் கண்ணீரைப் படிக்கக் கூச்சமாக இருந்தது. கிழித்துப் போட்டேன். இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லிப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன். அவருக்குக் கோபம். நாடகத்தைச் சக ஆசிரியர் ஒருவர் எழுதி முடித்தார். கைதட்டல் பலமாக இருந்தது என்கிறார்கள். என்னுடையதற்கு அவ்வளவு கிடைத்திருக்காது! குடும்ப வரலாறோ முதல் பக்கத்திலேயே நிற்கிறது. ஒரு குழந்தை, பெயர் இல்லை. அதற்கு மேல் பேனா ஓடவில்லை. வகுப்பில் வருகை கூப்பிடும்போதுகூட, ஒவ்வொரு பெண்பிள்ளையின் பெயரும் அதுவாக இருக்குமோ என்று தோன்றுகிறது. உயிரோடு இருந்தால் இப்போது கிழவி. அவளைத் தேடும் ஒருவன் இருக்கிறான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

பொங்கல் முடிந்து ஒரு சாயங்காலம் மச்சான் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் ஹட்டனுக்கு வருவதே அபூர்வம்.

"இந்தியாவுக்குப் போக பேரு குடுக்கல மாப்பிள" என்றார், உட்காருவதற்கு முன்பே.

"அக்கா சொன்னதுக்காகவா?"

"அவ சொன்னா நான் கேட்டுருவேனா?" சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "வலப்பனைக்குப் போயிருந்தேன். திரும்புறப்ப ராசாத்தி, 'எப்பப்பா மறுபடி வருவீங்க?'ன்னு கேட்டா. எப்பவும் கேக்குறதுதான். எப்பவும் 'அடுத்த மாசம் வர்றேம்மா'ன்னு சொல்லிட்டு வந்துருவேன். இந்தத் தடவ... வாய் வரல மாப்பிள."

ஆக, இங்கேயே இருப்பதென்று மச்சான் முடிவு சொல்லிவிட்டார். அதைக் காதில் வாங்கத்தான் இரண்டு அரசாங்கங்களுக்கும் இன்னும் நேரம் வரவில்லை!