இஸ்திரி அக்கா கடலுக்குப் போன செவ்வாய்க்கிழமை

இரை மீனைத் தொடுவதற்கு முன் கையைக் கடலில் முக்கி எடுக்கிறார். ஒருமுறை அல்ல, ஒவ்வொரு மீனுக்கும். "காஞ்ச கையால புடிச்சா அதுக்குச் சூடு போட்ட மாதிரி. மேல இருக்கற வழுவழுப்பு போயிடும். அப்புறம் பாதி உசுரோடதான் நீந்தும்" என்கிறார். சூட்டைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு. ஓட்டல் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர். முன்கை இரண்டிலும் நீராவி பட்ட தழும்புகள். எங்கள் குடியிருப்பில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் இஸ்திரி அக்கா.

வயது ஐம்பத்திரண்டு. வலது தோள் இடது தோளைவிட ஒரு சுற்றுப் பெரிது. செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று விடிந்ததும் மூன்றாம் மாடியிலிருந்து துடுப்பும் தூண்டில் கம்பும் மூடி போட்ட வாளியும் இறங்கி வந்தால், கடல் அமைதியாக இருக்கிறது என்று பொருள். கயாக் மாடிப்படிக்கு அடியில் சைக்கிள்களோடு சாய்ந்து கிடக்கும். ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய பிளாஸ்டிக் படகு, ஆரஞ்சு நிறம். அடியில் விரிசல் விட்டதென்று ஓட்டல்காரர்கள் தூக்கிப் போட்டதை இவர் கேட்டு வாங்கி வந்து, பழைய இஸ்திரிப் பெட்டியால் உருக்கி ஒட்டிவிட்டார். "பாலியெஸ்டருக்கு வைக்கற சூடுதான். பருத்திக்கு வெச்சிருந்தா ஓட்டையே விழுந்திருக்கும்."

அவருடைய கணவர் பஸ் டிரைவர். மலைப்பாதையில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் வளைவு திருப்புகிற மனிதருக்குத் தண்ணீர் என்றால் குளியலறை வாளியோடு சரி. மனைவி கடலுக்குள் போவதற்கு அவர் இரண்டு நிபந்தனை வைத்திருந்தார். தனியாகப் போகக் கூடாது. கூட வருகிறவர் உட்பட யார் கவிழ்ந்தாலும் அன்றோடு கயாக்கைத் தலைமுழுகிவிட வேண்டும். கூடப் போய்க்கொண்டிருந்த சலவைக்கூடத்துத் தோழி வேலை மாறி வேறு ஊருக்குப் போன பிறகு அக்காவுக்குத் துணை இல்லை. மூன்று வாரமாக அந்த ஆரஞ்சுப் படகு படிக்கட்டுக்கு அடியிலேயே கிடப்பதைப் பார்த்து, வாய் சும்மா இருக்காமல் நான் சொன்னேன்: "நான் வரேன்க்கா."

"எழுத்துக்காரரே, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"சுமாரா."

"அவர்கிட்ட நல்லாவே தெரியும்னு சொல்லிடுங்க."

கடற்கரையில் எனக்கு ஒரு வாடகைப் படகு எடுத்தோம். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, பாறை ஓரத்தில், ஆறு குட்டித் தூண்டில் முட்கள் கோத்த நரம்பை இறக்கினார். கால் மணி நேரத்தில் எட்டு மத்தி. வாளிக்குள் பேட்டரியில் ஓடும் மோட்டார் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அதில் மீன்கள் சுற்றிச் சுற்றி வந்தன. பெரிய முள்ளை எடுத்து, ஒரு மத்தியின் மூக்குப் பக்கமாகக் குத்தினார். "முதுகுல குத்தினா இழுக்கறப்ப பம்பரம் சுத்தும். மூக்குல குத்தினா பின்னாடியே நடந்து வரும்." அதை நீரில் விட்டுவிட்டு, தூங்கும் குழந்தை இருக்கிற அறையைக் கடப்பதுபோல மெதுவாகத் துடுப்பு போட்டார்.

நாலாவது மத்திக்கு ரீல் கிரீச்சிட்டது. கம்பு வில்லாக வளைந்தது. ஆரஞ்சுப் படகு தானாகவே நகர ஆரம்பித்தது, வேறு யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல. மீன் இழுக்கும்போது அக்கா விட்டுக்கொடுத்தார், அது ஓய்ந்தபோது சுற்றினார். இருபது நிமிடம் இருக்கும். பிறகு படகுக்குப் பக்கத்தில் ஒரு வஞ்சிரம் மேலே வந்து புரண்டது. அவருடைய இடுப்பு உயரம் இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளி.

இதைப் படம் பிடிக்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியது. கழுத்தில் தொங்கிய போனை எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான். அடுத்து எனக்குத் தெரிந்தது மூக்கில் ஏறிய உப்புத் தண்ணீர். மிதவைச் சட்டை என்னை மேலே தூக்கிவிட்டது, ஆனால் என் மூக்குக்கண்ணாடி கடலோடு போய்விட்டது. என் படகு காற்றில் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆரஞ்சு நிறம் மட்டும் ஒரு தீற்றலாகத் தெரிந்தது. அதைப் பார்த்து "அக்கா" என்று கத்தினேன்.

அந்தத் தீற்றல் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு அவரே நரம்பை அறுத்துவிட்ட ஓசை, 'டப்' என்று. அடுத்த நிமிடம் என் படகையும் இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார்.

"கையை ஊனி ஏறாதீங்க. துவைச்ச போர்வையைக் கொடியில போடற மாதிரி வயித்தை மேல போடுங்க. அப்புறம் காலை எடுத்துக்கலாம்."

மூன்றாவது முயற்சியில் போர்வை கொடியில் விழுந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் மீதி மத்திகளைக் கடலில் கவிழ்த்துவிட்டு வாளியை அலசிக்கொண்டிருந்தார்.

"பெரிசுதான், இல்ல?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"ரொம்பப் பெரிசுக்கா."

"நீங்க பாத்தீங்கல்ல?"

"நல்லாவே பாத்தேன்."

"போதும். நான் மட்டும் பாத்திருந்தா எனக்கே சந்தேகம் வந்துடும்." கரை வரும்வரை துடுப்பை வழக்கத்தைவிட அழுத்திப் போட்டார்.

வாடகைப் படகை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினால், மணலுக்கு மேலே, படிக்கட்டின் தொடக்கத்தில் காக்கி உடுப்பு ஒன்று மங்கலாகத் தெரிந்தது. வேலைக்குப் போகிற வழியில் ஒரு எட்டுப் பார்க்க வந்திருக்கிறார் டிரைவர்.

"என்ன, வாளி காலியா இருக்கு?"

"இன்னிக்குக் கடல் ஒண்ணும் குடுக்கல" என்றார் அக்கா.

"சார் கண்ணாடி போட்டிருப்பாரே?"

"உப்புத்தண்ணி பட்டுக் கறையாகுதுன்னு கழட்டி வெச்சிருக்கார்."

டிரைவர் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. முகம் தெரியவில்லை. நான் எங்கேயோ ஒரு திசையில் சிரித்து வைத்தேன். எதிரே இருந்த படிகள் எனக்கு ஒரே சாம்பல் சரிவு.

"நீங்க கம்பையும் வாளியையும் எடுத்துக்கிட்டு முன்னாடி நடங்க" என்று கணவரை அனுப்பிவிட்டு, அக்கா கயாக்கின் முன்பிடியைத் தூக்கினார். பின்பிடி என் கையில். ஏறத் தொடங்கினோம். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றியும் மகளுடைய போனைப் பற்றியும் கணவரிடம் சத்தமாகப் பேசிக்கொண்டே போனார். ஒவ்வொரு படி வரும்போதும் படகை லேசாக ஒரு இழுப்பு இழுத்து நிறுத்தி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் "படி" என்றார்.