கேள்விக்கு ஒரு வெள்ளரிப் பிஞ்சு

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு வாசலில் மோர்ப் பந்தல் போட்டாக வேண்டும். வீடு தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. மதில் ஓரத்து வேப்பமரத்தை ஒட்டி நாலு கம்பு நட்டு, மேலே தென்னங்கிடுகு பரப்பி, கீழே பெஞ்சைப் போட்டு அதில் மணலைக் கொட்டி, இரண்டு மண்பானைகளை உட்கார வைத்து ஈரத்துணி சுற்றிவிடுவோம். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மோர்.

மோர் என் பொறுப்பு. இஞ்சியும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் அம்மியில் தட்டித்தான் போடுவேன். சின்ன வெங்காயத்தையும் கொத்தமல்லியையும் பொடிசாக அரிந்து கடைசியில் தூவுவேன். எங்கள் பந்தலில் குடித்தவர்கள் இன்னொரு பந்தலில் கை நீட்ட யோசிப்பார்கள். இதை நானே சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

கேள்வி என் வீட்டுக்காரர் பொறுப்பு.

அவர் சமயநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுதவர்கள். அந்த வம்சத்தில் சாக்பீஸ் பிடித்த முதல் கை அவருடையதுதான். தினமும் காலையில் கரும்பலகையின் மேல் ஓரத்தில் அன்றைக்கு என்ன விசேஷம் என்று எழுதிவிட்டுத்தான் பாடம் தொடங்குவாராம். எந்தத் தலைவர் பிறந்தார், எந்த ஊரில் முதல் ரயில் ஓடியது, எந்த நாட்டில் என்ன பண்டிகை, எல்லாம் அவர் தலைக்குள் தேதி வாரியாக இருந்தன.

ஓய்வு பெற்று வந்த பிறகு எழுதப் பலகை இல்லை, கேட்கப் பிள்ளைகள் இல்லை. எங்கள் மகன் சென்னையில். வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. எனக்கு பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், கையெழுத்துப் போட வரும். அதற்கு மேல் படிப்பு கிடையாது. அதனாலோ என்னவோ, என்னிடம் அவர் கேள்வி கேட்டதே இல்லை. என்னையும் கேளுங்கள் என்று நானும் போய் நின்றதில்லை. எனக்கும் ஒரு மரியாதை உண்டு.

அப்படி இருந்தவருக்குப் பந்தல் கிடைத்தது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து வெள்ளரிப் பிஞ்சு வாங்கி வந்து, கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவித் தாம்பாளத்தில் அடுக்கி வைத்துக்கொண்டார்.

"மோரு எல்லாத்துக்கும் உண்டு. பதில் சொன்னா பிஞ்சும் உண்டு." இதுதான் அவர் போட்ட சட்டம்.

மே ஒன்றாம் தேதி வருகிறவர்களிடம், "இன்னிக்கு யாருக்கு லீவு?" என்று கேட்பார். உழைப்பாளிக்கு என்று பதில் வந்தால், "அப்ப நீங்க ஏன் இந்த வெயில்ல அலையிறீக?" என்று சொல்லிப் பிஞ்சைக் கொடுப்பார். உலகத்திலேயே உயரமான மலையின் உச்சியில் மனிதன் முதலில் ஏறி நின்றதும் ஒரு மே மாதத்தில்தானாம். அதைச் சொல்லிவிட்டு, "பாவம், அவங்களுக்கு நம்ம வீட்டு மோரு குடுத்து வைக்கல" என்பார். மாதத்தின் கடைசி நாள் புகையிலை ஒழிப்பு நாள். அன்றைக்குப் பீடியை அணைத்துவிட்டு வந்தால்தான் பானைக்குள் சொம்பு இறங்கும்.

எதிர்ப்பக்கம் ஆட்டோ ஸ்டாண்டு. அதில் ஒரு டிரைவர், எந்தக் கேள்விக்கும் வேண்டுமென்றே கோணல் பதில்தான் சொல்வான்.

"மாப்ள, அன்னையர் தினம் எந்தக் கெழமைல வரும்?"

"எங்க ஆத்தா வெளக்கமாத்த எடுக்குற கெழமையெல்லாம் வரும் சார்."

"பெஞ்சு மேல ஏறி நில்லுடா!"

"ஏறிருவேன் சார். பானை ஒடஞ்சா நம்ம அம்மா என்னய ஒடச்சுப்புடும்."

நான் உள்ளேயிருந்து அகப்பையைக் காட்டுவேன். கோர்ட்டில் நிலத்துக்கும் ஜீவனாம்சத்துக்கும் அடித்துக்கொண்டு வந்து நிற்கிற சனம்கூட அந்த இடத்தில் சிரித்துவிட்டுப் போகும்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவர் யாரையும் சிரிக்க விடமாட்டார். எங்கள் சனம் மீனாட்சி கோயிலுக்குள் முதன்முதலில் காலெடுத்து வைத்தது எந்த வருடம், எந்த நாள்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது, ஜூலை எட்டு. ஜூலையில் பந்தல் இருக்காது என்பதால் மே மாதத்திலேயே கேட்டுவிடுவார். என் மாமனார் அப்போது மீசை முளைக்கிற வயதுப் பையன். சேதி கேள்விப்பட்டு வயற்காட்டிலிருந்து நடந்தே வந்து, கோபுர வாசலில் தயங்கி நின்று, பிறகு உள்ளே போனாராம். உள்ளே கல் குளுகுளு என்றிருந்ததாம். அதைத்தான் வாழ்நாள் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கேள்விக்கு யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால் என் வீட்டுக்காரர் சொம்பைக் கீழே வைத்துவிடுவார். கதையை முழுசாகச் சொல்லி, தேதியை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைத்துத்தான் மோர். பின்னால் வரிசை நின்றாலும் நிற்கட்டும். அந்த ஆட்டோக்காரன்கூட இதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்வான்.

போன வருடம் மே மாதம். பந்தலில் நல்ல கூட்டம். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், வாய்தாவுக்கு வந்தவர் போல, கையில் கேஸ் கட்டோடு நின்றார். இவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் யோசித்துவிட்டு, "அது என்ன, திருமலை நாயக்கர் காலத்துல இருக்கும்" என்றார்.

நான் வெங்காயம் அரிவதை நிறுத்தினேன். ஆட்டோக்காரன் டம்ளரை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றான். இப்போது சொம்பு கீழே இறங்கும், கதை தொடங்கும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சரியாச் சொன்னீக. இந்தாங்க, பிஞ்சு" என்றார் இவர்.

அந்த மனிதர் வாங்கிக் கடித்துக்கொண்டே போய்விட்டார். ஆட்டோக்காரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

கூட்டம் குறைந்ததும் அவன் அம்மிக்குப் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "அம்மா, சாருக்கு என்னமோ…"

"வெயிலு. நீ போயி வண்டியப் பாரு."

பக்கத்து வீட்டு அம்மா அதற்கு முன்பே ஒன்று சொல்லியிருந்தாள். அவர்கள் வீட்டுக்குள் சௌராஷ்டிர பாஷை பேசுகிறவர்கள், சேலை வியாபாரம். ஒரு நாள் இவர் நேராக அவர்கள் வீட்டுக்குள் போய், நாற்காலியில் உட்கார்ந்து காப்பி கேட்டிருக்கிறார். அவளும் கொடுத்திருக்கிறாள். "அக்கா, எங்க வீட்டுக்கு வந்ததா நெனைக்கல அவரு. தன் வீடுன்னே நெனச்சுட்டாரு" என்றாள். நான், ஒரு வாய் காப்பிக்கு இம்புட்டுப் பேச்சா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது திரும்பி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம், பானையைக் கழுவிக் கவிழ்த்தபின், சாதாரணமாகப் பேசுகிற மாதிரி கேட்டேன். "ஏங்க, நம்ம மாமா கோயிலுக்குள்ள போனாகளே, அது எப்ப?"

அவர் என்னை யோசனையோடு பார்த்தார். "எந்தக் கோயிலு புள்ள?"

அன்று ராத்திரியே மகனுக்குப் போன் போட்டேன். அடுத்த வாரம் மகன் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மறதி நோய்தான், கூடிக்கொண்டுதான் போகும், குறையாது என்றார் டாக்டர். கேள்விகள் எல்லாம் இவருக்கு நினைவில் இருந்தன. பதில்கள்தான் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பதில் தெரியாததால், யார் என்ன சொன்னாலும் அவருக்குச் சரிதான்.

இந்த வருடம் பந்தல் வேண்டாம் என்று மகன் போனில் ஒரே பிடியாக நின்றான். "அம்மா, ரோட்டுல போறவன் வாரவன்லாம் அப்பாவ வேடிக்கை பாக்கணுமா? ரெண்டு பேரும் இங்க வந்துருங்க."

"உங்கப்பன வேடிக்கை பாக்கவா இம்புட்டு வருசமா வந்தாங்க? மோரு குடிக்க வந்தாங்க. நான் மோரு போடுறேன். கையும் காலும் இருக்குற வரைக்கும் அவரு ஊத்துவாரு."

பக்கத்து வீட்டு அம்மாவும் மகன் பக்கம்தான். "வம்ப வெலைக்கு வாங்குறீங்க அக்கா" என்றாள். ஆனால் காலையில் கொத்தமல்லி ஆய்ந்து கொடுக்க அவளேதான் வந்தாள்.

வீட்டுக்குள் இருக்கும்போது அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வார், சாப்பிட்டதை மறந்து தட்டோடு நிற்பார், சமயநல்லூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையைத் தேடுவார். சொம்பைக் கையில் கொடுத்துப் பந்தலில் நிறுத்திவிட்டால் முதுகு நிமிர்ந்துவிடும். குரல் அந்தப் பழைய வாத்தியார் குரலாகிவிடும். அந்த மனிதரை நான் பார்க்க வேண்டுமானால் எனக்கு அந்தப் பந்தல் ஒன்றுதான் இருந்தது. அதை மூடச் சொன்னால் எப்படி மூடுவேன்?

ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இந்த வருடம் அவர்கள் வரிசையில் வந்து நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சத்தமாகச் சரியான பதில் சொன்னார்கள். செல்போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அந்த ஆட்டோக்காரனைக் கூப்பிட்டேன்.

"என்னடா, பச்சப்புள்ளைக்குச் சோறு ஊட்டுற மாதிரி பதில் சொல்றீங்க? யாரு கேட்டா உங்க பரிதாபத்த?"

"பரிதாபம் இல்லம்மா…"

"அப்ப எப்பவும் போல கோணல் பேசு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கோணலாச் சொன்னாலும் சரின்னுதான் சொல்றாரும்மா. பெஞ்சு மேல ஏறுடான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறாரு. எனக்குத் தாங்கல."

நான் அவனுக்கு இன்னொரு டம்ளர் மோர் ஊற்றினேன். பிறகு அவர்கள் எப்படிப் பதில் சொன்னாலும் நான் தடுக்கவில்லை.

கத்திரி முடியப்போகிற சமயம். பிஞ்சு தீரப்போகிறது என்று, பக்கத்து வீட்டு அம்மாவைப் பந்தலில் துணைக்கு வைத்துவிட்டு, நானே மாட்டுத்தாவணிக்குப் போய் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, எப்போதும் போகிற கேட் பக்கம் போகாமல், நிழலைப் பார்த்து ரோட்டுப் பக்கமாகவே பந்தலுக்குள் நுழைந்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வாசலுக்கு வருகிற எல்லோருக்கும் கொடுக்கிற சிரிப்பு.

"வாங்கம்மா, வாங்க. தொலைவுலேருந்து வாரீகளா? மொதல்ல நெழல்ல நில்லுங்க."

பக்கத்து வீட்டு அம்மா வாயைத் திறந்தாள். நான் கண்ணால் அவளை நிறுத்தினேன்.

அவர் மோரை மொண்டு டம்ளரில் ஊற்றி, கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "ஒரு கேள்வி கேப்பேன். பதில் சொன்னா பிஞ்சும் உண்டு. தெரியலேன்னாலும் பரவால்ல, மோரு உண்டு. வருசத்துலேயே பகல் ரொம்ப நீளமா இருக்குற நாள் எது?"

எத்தனையோ மே மாதங்கள் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்ட பதில்கள். எழுத்து எனக்குக் கூட்டித்தான் வரும். காதில் விழுந்தது எதுவும் என்னை விட்டுப் போனதில்லை.

"ஜூன் மாசம் இருபத்தொண்ணு" என்றேன்.

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. புருவத்தைச் சுருக்கி எதையோ தேடினார். "சரிதானா?" என்று என்னையே கேட்டார்.

"சரிதாங்க."

முகம் மலர்ந்துவிட்டது. தாம்பாளத்தில் மிச்சமிருந்த ஒரே பிஞ்சை எடுத்து என் கையில் வைத்தார். "நீங்க படிச்சவுகளாம்மா?"

"இல்லைங்க. எங்க வீட்டுக்காரரு வாத்தியாரு. அவரு சொல்லிக் கேட்டது."

"அப்படிச் சொல்லுங்க. எங்க இருக்காரு அவரு?"

மோர் டம்ளரை வாங்கிக்கொண்டேன். "வெளிய போயிருக்காருங்க" என்றேன்.

"வந்தா இங்கிட்டு அனுப்புங்க. விவரமான ஆளா இருப்பாரு போல. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கலாம்."

"சொல்றேங்க."

பக்கத்து வீட்டு அம்மா கொத்தமல்லித் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு, தன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தாள். நான் நின்ற இடத்திலேயே மோரைக் குடித்தேன். உப்பு ஒரு கல் கூடுதலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நிற்கலாம், அடுத்த கேள்வியும் என்னிடம் கேட்பார் என்று நினைத்தேன். ஆனால் எனக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா. பின்னாடி தாகத்தோட ஆளு நிக்கிறாங்க" என்றார் அவர்.

தள்ளி நின்றேன்.