தயிர்ச்சோறு தின்ற ஆமை

என் மனைவியின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம், அவள் வளர்த்த நட்சத்திர ஆமையைச் செண்பகத்தோப்பில் வனக்காவலரிடம் ஒப்படைக்கச் சென்றேன். ராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் வரை பேருந்து, அங்கிருந்து ஆட்டோ. மடியிலிருந்த துணிப்பையின் வாயை வழிநெடுக விரித்தே பிடித்திருந்தேன்.

அவள் படுக்கையில் விழுந்த ஆண்டு, வண்ணமீன் விற்கும் கடையொன்றில் அதை வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் குட்டி. நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன். அதை வாங்குவதும் வளர்ப்பதும் குற்றம் என்றும், ஒரு குட்டி கடைக்கு வந்து சேர்வதற்குள் சாக்கில் பல குட்டிகள் மூச்சடைத்துச் சாகும் என்றும் வகுப்பில் சொன்னவன். சன்னலோரம் அசைகிற உயிர் ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. வாங்கிவிட்டேன்.

எதிர்வீட்டு மில் மேஸ்திரி அதைப் பார்த்துச் சிரித்தார். "ஊரு பூரா நாய் வளக்கான். நீங்க என்ன சார், ஆமையப் போயி! ஆமை புகுந்த வீடு உருப்படுமா?"

"அது தானாவா புகுந்துச்சு அண்ணாச்சி? இவியதான பையில போட்டுக் கூட்டியாந்தாவ" என்றாள் அவள்.

சில மாதங்களில் அவரே தம் மகளுக்கு ஒன்று வாங்கினார். கடை எது என்று என்னிடம்தான் கேட்டார். சொன்னேன். இன்று எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் ஆமை உண்டு.

அவள் தயிர்ச்சோற்றை விரல்நுனியில் எடுத்து நீட்டுவாள். அது கழுத்தை நீட்டி வாங்கும். ஆமைக்குச் சோறு ஆகாது. ஓடு கூம்பு கூம்பாகப் புடைத்துவிடும். தெரிந்திருந்தும் நான் தடுக்கவில்லை. அதற்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்றுதான் அந்நாள்களில் அவள் உண்டாள்.

ஆமையை ஒப்படைக்கப் புறப்படும்போது மேஸ்திரி சொன்னார்: "தோட்டத்துல கெடந்துச்சுன்னு எழுதிக் குடுத்துருங்க. இல்லன்னா கேசு கீசுன்னு அலையணும்."

வனக்காவலர் ஆமையைத் தூக்கி ஓட்டைத் தடவிப் பார்த்தார். "தோட்டத்துல கெடந்ததுதான சார்? இங்க வாரது அம்புட்டும் தோட்டத்துல கெடந்ததுதான்."

"அப்படி எழுதுனா இத எங்க விடுவிய?"

"இந்தப் பக்கத்து ஆமைன்னா, இங்கனயே எங்கயாச்சும் விடச் சொல்லுவாக."

அது எந்த ஊர்ப் புதரில் பிடிபட்டது என்று எனக்குத் தெரியாது. கடைத்தொட்டியில் என்ன நோய் தொற்றியிருக்கும் என்றும் தெரியாது. என் ஒரு பொய், இவ்வடிவாரத்து ஆமைகள் அனைத்துக்கும் அந்நோயைக் கொண்டுசேர்க்கக்கூடும். 'விலைக்கு வாங்கினேன்' என்று எழுதி, கடையையும் குறித்துக் கையொப்பமிட்டேன்.

அவர் இருமுறை படித்தார். "ஒங்கள விசாரணைக்குக் கூப்பிடுவாக சார்."

"வாரேன்."

"இதயும் இனிமே காட்டுல விட ஏலாது. கடைசி மட்டும் கூண்டுதான்."

"தெரியும்."

அவர் ஒரு பிடி அருகம்புல்லைப் பறித்து வந்து அதன் முன் போட்டார். அது புல்லைப் பார்க்கவில்லை. என் விரல்களை நோக்கிக் கழுத்தை நீட்டியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.