பின்னால் வரும் சைக்கிள் மணி

கல்யாணமாகி, மகளைப் பெற்று, அவளையும் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகுதான் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே ரோட்டில் சேர்ந்து போக ஆரம்பித்தோம். அதுவரை அவர் ரோடு வேறு, என் ரோடு வேறு. விடிவதற்கு முன்பே எங்கள் ஊர் சிலமலையை விட்டுக் கிளம்பி, ஏலத்தோட்டத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறிவிடுவார். நான் அதற்குப் பிறகு சோற்றை வடித்து, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, போடியில் ஏலக்காய்க் கிட்டங்கிக்குப் போவேன். பச்சைக் காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வாய் பிளந்தது ஒரு பக்கம் என்று நாள் முழுக்கப் பிரித்துப் போடுவதுதான் என் சோலி. போகவர மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் இருந்தது. அவள் புருஷன் வீட்டுக்குப் போனாள், சைக்கிள் எனக்கு மிஞ்சியது.

ஒரு நாள் அவர் ஜீப்புச் சாவியை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வந்து நின்றார். கேட்டதற்கு இடுப்பு வலி என்றார். மலையில் இத்தனை வருஷம் குலுங்கிய இடுப்பு, வலிக்காமல் என்ன செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த வாரமே எங்கள் கிட்டங்கியில் மூடை தூக்கச் சேர்ந்தார். ஜீப்பு ஓட்ட வலிக்கிற இடுப்பு மூடை தூக்க மட்டும் எப்படி வலிக்காமல் இருக்கும்? ஊரில் எல்லாரையும் குறுக்குக் கேள்வி கேட்கிற எனக்கு அதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை. கூட வரப்போகிறார் என்ற சந்தோஷத்தில் இருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார். முதல் நாளே பாடம் ஆரம்பித்துவிட்டது. ரோட்டில் ஜோடியாகப் போவதற்கு ஒரு முறை இருக்கிறதாம். ரோட்டுப் பக்கம் அவர், ஓரத்துப் பக்கம் நான். பின்னால் ரெண்டு ஹாரன் கேட்டால் வெளிப்பக்கம் வருகிறவர் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பின்னால் ஒதுங்க வேண்டும். ஓரத்தில் வருகிறவர் எதுவும் செய்யாமல் நேராகப் போக வேண்டும். ரெண்டு பேருமே மரியாதை காட்டுகிறேன் என்று ஒதுங்கினால் சைக்கிளோடு சைக்கிள் பின்னிக்கொண்டு ரெண்டு பேரும் ரோட்டில் கிடக்க வேண்டியதுதான். வண்டி தாண்டியதும் கையைத் தூக்க வேண்டும். வண்டிக்காரன் குட்டியாக ஒரு ஹாரன் வைப்பான். அது நன்றி.

"ஹாரன்ங்கிறது வசவு இல்ல புள்ள. வர்றேன்னு சொல்றது. நாம ஒதுங்குறது, சரி வான்னு சொல்றது. அம்புட்டுத்தான் ரோடு" என்றார்.

வீட்டில் வாயைத் திறக்காத மனுஷன், சைக்கிளில் ஏறிவிட்டால் போதும், போடி வரும் வரை பேசினார். இடது கைப் பக்கம் மலை கூடவே வரும். மேகம் இறங்காத நாளில், அந்தா அந்த வெட்டுக்குப் பக்கத்தில்தான் ரோடு திரும்புகிறது, இந்த வளைவில்தான் யானை நின்றது என்று காட்டிக்கொண்டே வருவார். இலவங்காய் வெடிக்கிற காலத்தில் ரோடெல்லாம் பஞ்சு பறக்கும். அவர் தலையில் ஒட்டிய பஞ்சை ஓடுகிற சைக்கிளிலிருந்தே எட்டி எடுத்திருக்கிறேன். எதிரில் வந்த டிராக்டர்க்காரன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். பேரன் எடுக்கப்போகிற வயசில் எங்களுக்கு வந்த கூத்து அது.

காது கேளாதவர்கள் சிலர் நிறையப் பேசுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தான் பேசிக்கொண்டே இருந்தால் அடுத்தவர் பேசுவதைக் கேட்க வேண்டியதில்லை அல்லவா.

வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார். நான் பத்து விஷயம் சொன்னால் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார், ஒன்றும் நடக்காது. "செவிடன் காதுல ஊதுன சங்கு" என்று வாய்க்கு வாய் சொல்லுவேன். எந்தப் பொண்டாட்டிதான் சொல்லவில்லை? பொண்டாட்டி பேச்சு எந்தப் புருஷன் காதில் ஏறியிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இலவம்பஞ்சு பறந்த ஒரு காலையில்தான் அது நடந்தது. நான் மக்காச்சோளக் காட்டில் மேய்ந்த மயில்களைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். அவர் வழக்கம்போல ரோட்டுப் பக்கம், ஏதோ மலைக் கதை சொல்லியபடி வந்தார். பின்னால் ரெண்டு ஹாரன் கேட்டது. அவர் ஒதுங்குவார் என்று நான் நேராகப் போனேன். அவர் ஒதுங்கவில்லை. திரும்பவும் ஹாரன், இந்தத் தடவை நீளமாக. கதை நிற்கவில்லை. "மாமா!" என்று கத்தினேன். பின்னால் வந்த பிக்கப் வண்டி ரோட்டை விட்டு வலது பக்க மண்ணில் இறங்கி, குதித்து, எங்களைத் தாண்டிப் போனது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"யோவ், காது செவிடாப் போச்சா? ரோடு என்ன ஒங்கப்பன் வீட்டுதா?"

இவர் சிரித்த முகமாகக் கையைத் தூக்கினார். வண்டி தாண்டியதும் தூக்க வேண்டிய கை. கேலி செய்கிறான் என்று நினைத்த டிரைவர் இன்னும் ரெண்டு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

"யாரு புள்ள அது? தெரிஞ்ச பய மாதிரி இருக்கு" என்று என்னிடம் கேட்டார்.

அந்த வசவு ரோட்டில் தினமும் கேட்கிற வசவுதான். யார் யாரையோ சொல்லிக் கேட்டிருக்கிறேன், நானே ஆட்டோக்காரனைச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் இருந்தது. புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தினேன். அவரும் நிறுத்தி, தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "மாமா" என்றேன். துண்டை உதறிக்கொண்டிருந்தார். கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். மடித்து மறுபடியும் தலையில் கட்டினார். மூன்றாவது தடவை கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. அவர் தானாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைக்க முடியும்? அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் இடுப்பு வலியின் கதை வெளியே வந்தது. மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவன் வளைவுக்கு முன்னாலேயே ஹாரனைக் கேட்டு, ஓரங்கட்டி நிற்க வேண்டும். ஏறுகிற வண்டி வளைவில் நின்றால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு, பின்னால் உருளும். வளைவுக்கு அந்தப் பக்கம் வருவது பஸ்சா லாரியா என்று ஹாரனை வைத்தே சொல்லுகிற ஆள் இவர். ஜீப்பை விடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆட்களோடு இறங்கும்போது எந்த ஹாரனும் கேட்கவில்லை. வளைவில் திரும்பினால் எதிரே பஸ் முகம்.

"அவன் அடிச்சிருக்கான் புள்ள. விடாம அடிச்சிருக்கான். நான்தான் வழி இருக்குன்னு போயிட்டேன். பஸ்சு பின்னால உருண்டுச்சு, அவன் கெட்டிக்காரன், பிடிச்சு நிறுத்திட்டான். நான் கண்ணாடியில பின்னால பாத்தேன். உக்காந்திருந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் வாயத் தெறந்துக்கிட்டு இருக்காக. ஒரு சத்தமும் இல்ல. எல்லாரும் எதுக்கு வாயத் தெறந்துக்கிட்டு இருக்காகன்னு எனக்கு வெளங்கவே இல்ல."

கத்தியிருக்கிறார்கள். அது அவருக்குக் கேட்கவில்லை. மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டார்.

நான் அழுதேன். சங்கு ஊதின வாயை என்ன செய்வது என்று தெரியாமல் அழுதேன். அன்றோடு அந்தப் பழமொழி என் வாயிலிருந்து போய்விட்டது.

தேனியில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். நரம்பு போய்விட்டது, இனி வராது, மிச்சம் இருப்பதைக் கொண்டு ஓட்ட ஒரு மெஷின் மாட்டிக்கொள்ளலாம் என்றார். மாட்டினோம். வீட்டுக்குள் பரவாயில்லை, எதிரில் உட்கார்ந்து பேசினால் பாதி விளங்கும். சைக்கிளில் ஏறினதும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவார். "காத்து புள்ள. காதுக்குள்ள பஸ்சு ஓடுற மாதிரி இருக்கு" என்பார்.

அப்படியானால் நான்தான் காது என்று முடிவு செய்தேன். இடத்தை மாற்றினோம். ரோட்டுப் பக்கம் நான், ஓரத்துப் பக்கம் அவர். பின்னால் ஹாரன் கேட்டால் அவர் ஹேண்டில்பாரில் கையை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு நான் பின்னால் ஒதுங்குவேன். அவர் நேராகப் போவார். வண்டி தாண்டியதும் மறுபடி பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொள்வேன். பேச வேண்டியதை அவர் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொல்லுவேன், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். எனக்கு அது பழகிவிட்டது. சாகும் வரை இப்படியே போயிருப்பேன்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? டீக்கடையில் ஒருத்தன் கேட்டான்: "என்னண்ணே, பொண்டாட்டிய லாரிக்குக் காவு குடுத்துட்டு நீங்க ஓரமாப் பத்திரமா வர்றீக?" நாலு பேர் சிரித்தார்கள். அவருக்குப் பேச்சுக் கேட்கவில்லை, சிரிப்பு தெரிந்தது.

"என்ன சொல்றான்?"

"மழை வரும்போல இருக்குங்கிறான்" என்றேன்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், டீயைக் குடித்து முடிக்காமல் வைத்துவிட்டார். அப்படிக் கேட்டவனிடம் நான் அடுத்த நாள் தனியாகப் போய்க் கேட்டதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார். "நீ முன்ன போ. நான் பின்னால வர்றேன். நீ ஒதுங்குனா நானும் ஒதுங்குவேன். அதுதான் சரி."

"ரெண்டு பேரும் மினி பஸ்சுலயே போவோம் மாமா. எதுக்கு இந்தப் பாடு?"

மெஷின் போட்டிருந்ததால் அது நன்றாகக் கேட்டுவிட்டது. "ஜீப்ப விட்டேன். இதையும் விடச் சொல்றியா?"

ஆனாலும் மனசு ஆறவில்லை. "நீங்க பின்னால வர்றீகளா, எங்கயும் விழுந்து கெடக்கீகளான்னு எனக்கு எப்புடித் தெரியும்?" என்றேன்.

யோசித்தார். பிறகு சைக்கிள் மணியை ரெண்டு தடவை அடித்தார். "இப்புடி அடிச்சுக்கிட்டே வர்றேன். கேட்டா நீ கைய மட்டும் தூக்கு. திரும்பாத. திரும்புனா சைக்கிள் ஆடும்."

அப்படித்தான் நாங்கள் ரெண்டு பேரும் முன்னும் பின்னுமாக ஆனோம். அவர் சொன்னது சரிதான், அதுதான் பத்திரம். பேச்சு போய்விட்டது. மலையில் எங்கே ரோடு திரும்புகிறது என்று காட்ட ஆள் இல்லை. நான் மட்டும் வாய் சும்மா இருக்காமல் முன்னால் பார்த்துப் பேசிக்கொண்டே போவேன். மகள் போனில் சொன்னது, பருப்பு விலை, பக்கத்து வீட்டுச் சண்டை. என் பேச்சு பின்னால் போகாது, போனாலும் பயன் இல்லை. புளியமரம் வந்தால் ரெண்டு மணி கேட்கும். கையைத் தூக்குவேன். வாய்க்கால் பாலத்தில் ரெண்டு மணி. கையைத் தூக்குவேன். தனக்கே கேட்காத மணியை எனக்காக அடித்துக்கொண்டு வருகிறார். மலைக்குப் போகிற ஜீப்புக்காரர்கள், அவரோடு ஓட்டியவர்கள், அவர் முதுகைக் கண்டதும் ஹாரன் அடிக்காமல் வேகத்தைக் குறைத்து விலகிப் போவார்கள். தாண்டிய பிறகு ஜன்னலுக்கு வெளியே கையைத் தூக்குவார்கள். அது அவருக்குத் தெரியும்.

ஐப்பசியில் விடாமல் மழை. ஒரு நாள் காலையில் தூறல் விட்ட நேரம் பார்த்துக் கிளம்பினோம். புளியமரம் வந்தது. மணி கேட்கவில்லை. மறந்திருப்பார் என்று மிதித்தேன். ஒரு லாரி நீள ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. பாலம் வந்தது. அங்கேயும் மணி இல்லை. திரும்பாதே என்றவர் பேச்சை எங்கே கேட்பது, பிரேக்கைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தேன்.

வழக்கமாக வருகிற தூரத்தில்தான் வந்துகொண்டிருந்தார். முகத்தில் தண்ணீர் வழிந்தது. கட்டைவிரல் மணியின் விசையை அமுக்கிக்கொண்டே இருந்தது. விசை போகிறது, வருகிறது. சத்தம் இல்லை. உள்ளே மழைத்தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருக்க வேண்டும். நான் ஏன் திரும்பினேன் என்று அவருக்குப் புரியவில்லை. புருவத்தைத் தூக்கினார். அடிச்சேனே, கேக்கலையா என்பதுபோல எனக்குக் காட்டி இன்னும் ரெண்டு தடவை அமுக்கினார்.

மணி போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். எத்தனை நாளாக என்று கேட்பார். தனக்குத் தெரியாமல் இன்னும் என்னென்ன போயிருக்கிறது என்று யோசிப்பார். அதோடு சைக்கிளைச் சுவரில் சாத்திவிடுவார். மத்தியானம் அவர் சாப்பிடப் போகிற நேரத்தில் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கையைத் தூக்கினேன். அவர் முகம் தெளிந்தது. போ போ என்று தலையை ஆட்டினார்.

நான் முன்னால் திரும்பி மிதித்தேன். போடி வரும் வரை, இந்த இடத்தில் அடித்திருப்பார், இங்கே அடித்திருப்பார் என்று நானாக நினைத்து நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டே போனேன்.