பிடரியில் உட்கார்ந்த வண்டு

எக்ஸ்ரேக்காரருக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. கூத்து என்னவென்றால், மற்றவர்களை அசையாமல் நிற்க வைப்பதுதான் முப்பது வருஷமாக அவர் பிழைப்பே. “மூச்சை இழுத்துப் புடிங்க. அசையாதீங்க. ம், விடலாம்.” தூக்கத்தில்கூட இதையே உளறுகிறார் என்று மனைவி கேலி செய்வாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், முதல் மழை பெய்த வாரத்தில், ஊருக்கு வெளியே இருந்த காட்டில் ஒரு வண்டைப் பார்த்தார். பச்சை முதுகு, ஒரு கொம்பு நீளம், ஒரு கொம்பு குட்டை. கேமராவைத் திறப்பதற்குள் பறந்துவிட்டது. பூச்சி அருங்காட்சியகத்துக்கு எழுதிப் போட்டார். “படம் இருந்தால் அனுப்பவும்” என்று ஒரே வரியில் பதில் வந்தது. இத்தனை வருஷம் எலும்பையே படம் பிடித்தவனை நம்பவில்லையே என்று மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸுகள்வரை, “என்ன சார், வண்டு சிக்குச்சா?” என்று வாயைக் கிண்டினார்கள்.

வருஷாவருஷம் அந்த வாரம் லீவு போட்டு அலைந்தார். இந்த வருஷத்தோடு அதுவும் சரி. சாலை போடுவதற்காக, வெட்டப்போகும் மரங்களுக்கு நம்பர் எழுதியாகிவிட்டது.

லீவின் கடைசி நாள் மனைவியும் கூட வந்தாள். அவர் புதர் புதராக உலுக்கிக்கொண்டே போனார்.

“ஏங்க, இப்படிக் காட்டையே கலக்குனா எது வந்து உக்காரும்? ஒரு எடத்துல நில்லுங்களேன்!”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா வா” என்று எரிந்து விழுந்தார். ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. கேமராவை அவளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து கட்டினார்.

நிமிரும்போது அவள் குரல் மாறியிருந்தது.

“அசையாதீங்க. உங்க பிடரியில... பச்சையா இருக்கு. ஒரு கொம்பு நீளம்.”

அவர் கழுத்தைத் திருப்பப் போனார். “எனக்குக் காட்டுடி!”

“மூச்சை இழுத்துப் புடிங்கன்னா!”

பிடித்தார். கழுத்தில் ஆறு கால்கள் ஊர்ந்தன. திரும்பிப் பார்க்கத் துடித்த தலையைப் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். கண்ணில் நீர் முட்டியது. கேமரா நாலைந்து முறை சொடுக்கியது. காதோரம் விர்ரென்ற சத்தம். திரும்பினால் இலைகள்தான் இருந்தன.

“ஐயய்யோ, மூச்சை விடுங்க! சொல்ல மறந்துட்டேன்.”

படம் கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ நேர்ல பாத்துட்ட” என்றார். பொறாமையை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அருங்காட்சியகத்தின் படிவத்தை நிரப்பினார். ‘பார்த்தவர்’, ‘படம் எடுத்தவர்’ இரண்டிலும் மனைவி பெயரையே எழுதினார். ‘காணப்பட்ட இடம்’ என்ற கட்டத்தில் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘என் பிடரி’ என்று எழுதினார்.